ஏழு பத்து என்று எழுதிய சீட்டு

அன்றைக்கு முதல் சண்டை முட்டையில் ஆரம்பித்தது.

கிராம்காரர் தட்டை இழுத்துப் பார்த்தார். அவித்த முட்டை ஒன்று, பாதியாக அறுத்து வைத்திருந்தது. மஞ்சள் கரு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பள்ளம்.

"மஞ்சள் எங்கடி?"

"டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? இருநூத்தி நாப்பத்தெட்டு."

"நம்பர் எனக்குத் தெரியும். மஞ்சள் எங்கன்னு கேட்டேன்."

மனைவி கண்ணால் காட்டினாள். அவள் கண் போன பக்கத்தில் அவளுடைய தம்பி உட்கார்ந்திருந்தான். சரக்கு வண்டி ஓட்டுகிறவன். வண்டி பட்டறையில் கிடப்பதால் ஒரு வாரமாக இங்கேதான் ஜாகை. வாய் அசைந்துகொண்டிருந்தது.

"வீணாப் போயிடக் கூடாதேன்னுதான் மாமா," என்றான், முழுங்கிவிட்டு.

"ரொம்ப நல்லது. உடம்புக்கு ஆகாததையெல்லாம் நீ தின்னு. மத்தவங்களைக் காப்பாத்து."

"உங்க நல்லதுக்குத்தானே செய்யறோம்," என்றாள் மனைவி. "கொலஸ்ட்ரால் கூடினா என்ன ஆகும்னு இவன் போன்ல காட்டினான். ரத்தக் குழாய்ல அப்படியே பாசி மாதிரி."

"போன்ல காட்டினானா! ஏன்டா, பதினேழு வருஷமா நான் என்னத்த எடை போடறேன்னு உனக்குத் தெரியுமா? இதே மஞ்சக் கருவுலேர்ந்து எடுத்த சரக்கு. அதோட கொலஸ்ட்ரால். சாமான் மாதிரி டப்பா டப்பாவா வருது. ரெண்டையும் சேத்து மருந்தாக்கி நோயாளி ரத்தத்துல நேரா ஏத்தறாங்க. பொழைச்சு எந்திரிச்சு நடக்கறாங்க. என் தட்டுல அரை மஞ்சள் கிடந்தா மட்டும் ஊர் அழிஞ்சிருமா?"

"அப்படியா? நீங்க ஏதோ எண்ணெய்க் கம்பெனின்னுல்ல நான் நெனச்சேன்," என்றான் மச்சினன்.

இந்த ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்லப் போய்த்தான் கம்பெனி வண்டி போய்விட்டது. பதினேழு வருஷம் வீட்டுக்கு வந்து போகிற மச்சினனுக்கு அக்கா புருஷன் என்ன வேலை செய்கிறான் என்று தெரியவில்லை என்றால், யாருக்குத்தான் கோபம் வராது? அவர் சொல்லத் தொடங்கினார். மச்சினன் போனைப் பார்த்துக்கொண்டே "ம், ம்" என்றான். வாசலில் ஹாரன் இரண்டு முறை கேட்டது. மூன்றாவது முறை கேட்கவில்லை.

செருப்பைப் பாதி மாட்டிக்கொண்டு ஓடினார். தெருமுனையில் வண்டியின் பின்பக்கம் தெரிந்து மறைந்தது.

கிராம்காரர் என்பது தொழிற்சாலையில் உள்ளவர்கள் அவருக்கு வைத்த பெயர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டவர். கூலிக்கு மூட்டை தூக்க வந்து, பிறகு பாத்திரம் கழுவி, கடைசியில் எடை அறைக்குள் போனவர். போன நாளிலிருந்து அரை கிராமுக்குச் சண்டை. கால் கிராமுக்குச் சண்டை. தும்மினால் சண்டை. தராசின் பக்கத்தில் யாராவது வேகமாக நடந்து போனால்கூட, "காத்தடிக்குது, தூரமாப் போய் நட" என்று கத்துவார். உள்ளே இருந்து கத்தினால் வெளியே கேட்காது, கண்ணாடிச் சுவர். ஆனாலும் முகத்தைப் பார்த்தாலே என்ன சொல்கிறார் என்று எல்லாருக்கும் புரிந்துவிடும்.

தொழிற்சாலையில் செய்வது லிப்போசோம். அங்கே வேலை செய்கிறவர்கள் அதை 'பை' என்றே சொல்வார்கள். புற்றுநோய் மருந்தைச் சும்மா ஊசியில் ஏற்றினால் அது போகிற வழியெல்லாம் சுட்டுக்கொண்டு போகும். முக்கியமாக இதயத்தை. அதனால் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பைகளுக்குள் மருந்தை அடைத்து அனுப்புகிறார்கள். அந்தப் பையைத் தைக்கிற துணிதான் கிராம்காரர் எடை போடும் சரக்கு.

ஒரு தடவை வெளியிலிருந்து ஒருவர் வந்து பலகையில் படம் போட்டு விளக்கினார். மற்றவர்கள் தூங்கினார்கள். கிராம்காரருக்கு மட்டும் அது பச்சை குத்தினது மாதிரி பதிந்துவிட்டது. மஞ்சள் கருவிலிருந்து எடுக்கும் லெசித்தினுக்கு ஒரு தலை, இரண்டு கால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். கால் இரண்டுக்கும் தண்ணீர் என்றாலே ஆகாது. தண்ணீருக்குள் கோடிக்கணக்கில் விட்டால் என்ன செய்யும், பாவம்? கால்களை உள்ளே மடக்கி ஒளித்துக்கொண்டு, இரண்டு வரிசையாகக் காலோடு கால் சேர்த்து, தலைகளை வெளியே நீட்டி வளைந்து உருண்டையாக மூடிக்கொள்ளும். அதுதான் பை. யாரும் தைக்க வேண்டியதில்லை, தானே மூடிக்கொள்ளும்.

ஆனால் அந்தக் கால்கள் சும்மா இருக்காது, ஆடிக்கொண்டே இருக்கும். அந்தச் சந்தில் மருந்து கசியும். அதற்குத்தான் கொலஸ்ட்ரால். ஆட்டு ரோமத்துப் பிசுக்கிலிருந்து எடுத்த வெள்ளைப் பொடி. கால்களுக்கு நடுவே ஆப்பு மாதிரி செருகிக்கொண்டு ஆட விடாமல் பிடிக்கும். ஊரெல்லாம் திட்டுகிற கொலஸ்ட்ரால் இல்லாவிட்டால் பை பொத்தல். மூன்றாவது, நீளமான வால் கட்டின ஒரு கொழுப்பு. பெக் என்பார்கள். கொஞ்சம்தான் சேரும். அந்த வால்கள் பைக்கு வெளியே ரோமம் மாதிரி நிற்கும், உடம்புக்குள் காவல் காக்கிற அணுக்கள் பையைச் சட்டென்று பிடித்துத் தின்றுவிடாமல் இருக்க. நாலாவது, சரக்கு காற்றுப் பட்டுக் கெடாமல் இருக்க சில சொட்டு வைட்டமின் ஈ. அப்புறம் எல்லாவற்றையும் கரைக்க ஆல்கஹால், கடைசியில் உப்புச் சேர்த்த தண்ணீர். அவ்வளவுதான். இவற்றில் ஒன்று அளவு தப்பினால் மற்றது எல்லாம் வீண்.

மச்சினனுக்குச் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். இரண்டு நிமிஷம் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

அடுத்த பேருந்தில் நிற்க இடம் கிடைத்தது, மூச்சு விட இடம் கிடைக்கவில்லை. பாதி வழியில் அதுவும் நின்றது. ஏழு மணிக்கு உள்ளே இருக்க வேண்டியவர் வாசலில் கார்டைத் தேய்த்தபோது எட்டு நாற்பது.

"கிராம்காரரே!" என்று உள்ளேயிருந்தே குரல் வந்தது. மேனேஜர். வயது முப்பத்தொன்று. எடை அறைக் கண்ணாடியை விரல் முட்டியால் தட்டித் தட்டியே அவசரப்படுத்துவதால் அவருக்கு டக்டக்கு என்று பெயர். பெயர் அவருக்குத் தெரியாது. மற்ற எல்லாருக்கும் தெரியும். "பத்தரைக்கு வெளியூர்ப் பார்வையாளர்கள் வராங்க. அவங்க வரும்போது எடை நடந்துகிட்டிருக்கணும். இன்னைக்குன்னு பாத்து லேட்டு!"

"வண்டி போயிடுச்சு சார்."

"ஏற்கெனவே உங்க மேல ரெண்டு புகார் இருக்கு. ஆளுங்களைத் திட்டறீங்கன்னு ஒண்ணு, வேலையை இழுக்கறீங்கன்னு ஒண்ணு. மூணாவது ஒண்ணு வந்தா, நான் ஒண்ணும் பண்ண முடியாது. அட்டைப்பெட்டி செக்‌ஷன்தான். சொல்லிட்டேன்."

அட்டைப்பெட்டி செக்‌ஷன் பின்கட்டில் இருந்தது. தகரக் கூரை. பெட்டியை விரி, குப்பியை வை, விளக்கத்தாளை மடித்துச் செருகு, மூடு. மறுபடி விரி. அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. கிராம்காரருக்கு எடை அறை தவிர வேறு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. உலகத்தில் தான் சொல்வதைக் கேட்கிற ஒரே இடம் அந்த எட்டடிக்கு எட்டடி அறை. அங்கேயும் தராசுதான் கேட்கும்.

அவசர அவசரமாக முழு உடுப்பை மாட்டினார். தலைமூடி, முகமூடி, இரண்டு ஜோடி கையுறை. ஃப்ரீசரைத் திறந்து லெசித்தின் பாட்டிலை எடுத்தார்.

இந்த இடத்தில்தான் பதினேழு வருஷச் சண்டை. லெசித்தின் மைனஸ் இருபது டிகிரியில் கிடக்கும். வெளியே எடுத்த உடனே மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் அறைக் காற்றிலிருக்கும் ஈரமெல்லாம் ஓடி வந்து குளிர்ந்த சரக்கின் மேல் படியும். தண்ணீரைக் கண்டால் அந்தத் தலைகளுக்குத்தான் சந்தோஷம் தாங்காதே, குடித்துத் தீர்த்துவிடும். அப்புறம் தராசில் நிற்கிற எடையில் பாதி பொய். போதாக்குறைக்கு அந்த ஈரம் போகப் போக ஒரு காலை அறுத்துவிடும். ஒற்றைக் கால் கொழுப்பில் கட்டின பை ஒழுகும். அதனால் மூடியபடியே உறையோடு மேசையில் மூன்று மணி நேரம் வைக்க வேண்டும். கழுத்தில் ஒரு சீட்டு கட்டி, எடுத்த நேரத்தை எழுத வேண்டும். மூன்று மணி ஆன பிறகும் ஒரு வெள்ளை டிஷ்யூவால் பாட்டிலைத் துடைத்துப் பார்ப்பார். டிஷ்யூ நனைந்தால் இன்னும் காத்திரு. இது அவராகவே கண்டுபிடித்த சோதனை. விதிப் புத்தகத்தில் இல்லை. "கைய எடு! இன்னும் ஈரம்!" என்று அவர் கத்தாத வாரம் கிடையாது.

பாட்டிலை மேசையில் வைத்தார். சீட்டைக் கட்டினார். எழுதினார். வெளியே டக்டக்கு எதையோ கத்திக்கொண்டிருந்தார். கிராம்காரர் மனத்துக்குள் மச்சினனோடு இன்னும் பேசி முடிக்கவில்லை. எண்ணெய்க் கம்பெனியாம்! எண்ணெய்க் கம்பெனி!

அப்புறம் வேலை. தராசைத் துடைத்தார். சோதனை எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்தார். கொலஸ்ட்ரால் இருநூற்று அறுபது கிராம். பெக் கொழுப்பு ஐம்பது. வைட்டமின் ஈ ஒரு சொட்டு அப்படி இப்படி ஆகாமல். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போட்டு ஒட்டினார்.

எடை போடுகிறவர் ஒரு கையெழுத்து, பக்கத்தில் நின்று பார்த்ததாக இன்னொருவர் ஒரு கையெழுத்து. இதுதான் சட்டம். பார்க்க வேண்டியவள் நாற்பது வயதுக்காரி. எல்லாரும் அவளைக் கையெழுத்தம்மா என்பார்கள். காலையில் வந்ததும் அன்றைக்குப் போட வேண்டிய சாட்சிக் கையெழுத்தையெல்லாம் ஒரே மூச்சில் போட்டுவிட்டு லேபிள் ஒட்டப் போய்விடுவாள்.

"பாக்காம போடற கையெழுத்துக்கு நீ எதுக்கு? ஒரு ரப்பர் ஸ்டாம்ப் வாங்கி வெச்சா போதுமே," என்பார் இவர்.

"உங்கள விடவா நான் பாத்துடப் போறேன்? நீங்க எடை போட்டா தராசே பயப்படுதுண்ணே," என்பாள் அவள்.

புகழ்ச்சி மாதிரி இருக்கும். அதனால் இன்னும் எரிச்சல் வரும். அன்றைக்கும் தாளில் அவள் கையெழுத்து ஏற்கெனவே விழுந்து கிடந்தது, எடையே போடாத லெசித்தினுக்கும் சேர்த்து.

டக் டக் டக்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர் கடிகாரத்தைக் காட்டினார். பத்து இருபது. அவருக்குப் பின்னால், நடைவழியின் கோடியில், நீலத் தொப்பி போட்ட நாலைந்து பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

கிராம்காரர் சீட்டைப் பார்த்தார். ஏழு பத்து. மூன்று மணி நேரம் தாண்டிவிட்டது. சரி. டிஷ்யூவை எடுக்கக் கை போனது. டக் டக் டக். "வரேன்யா!" என்று முகமூடிக்குள் கத்திவிட்டு, டிஷ்யூவை விட்டுவிட்டு மூடியைத் திருகினார்.

கரண்டியால் அள்ளினார். வழக்கமாகப் பொலபொலவென்று உதிரும். இன்று கரண்டியை விட்டு இறங்க மறுத்தது. தட்டினார். கட்டியாக விழுந்தது. ஏதோ புதுச் சரக்கு போல என்று நினைத்துக்கொண்டு மேலும் மேலும் போட்டார். அறுநூற்று நாற்பது கிராம். தராசின் பச்சை எழுத்து அறுநூற்று நாற்பது, புள்ளி, பூஜ்யம் பூஜ்யம் என்று நின்றது. கையை எடுத்தார்.

பூஜ்யம் நாலு.

கண்ணைச் சிமிட்டினார். பூஜ்யம் ஒன்பது.

காற்று அடிக்கிறதோ என்று தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். பதினாலு. இருபது. யாரும் எதையும் போடவில்லை. கரண்டி அவர் கையில் இருந்தது. எண் மட்டும் தானாக ஏறிக்கொண்டிருந்தது, மாடிப்படி ஏறுகிற மாதிரி, நிதானமாக. இருபத்தேழு.

டிஷ்யூவை எடுத்துப் பாட்டிலைத் துடைத்தார். டிஷ்யூ நனைந்து கையோடு ஒட்டியது.

சீட்டைப் பார்த்தார். ஏழு பத்து. அவர் கையெழுத்தேதான். ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு போடுவது அவர் வழக்கம், அந்தக் கோடும் இருந்தது. அப்போதுதான் எல்லாம் ஒன்றாக வந்து மண்டையில் இடித்தது. முட்டை. வண்டி. எட்டு நாற்பதுக்கு வாசல். பாட்டிலை எடுத்தபோது ஒன்பதுகூட இருந்திருக்கும். பதினேழு வருஷமாகத் தினமும் ஏழு பத்துக்கு எடுத்து ஏழு பத்து என்று எழுதின கை, மண்டையைக் கேட்காமலே ஏழு பத்து என்று எழுதிவிட்டது. அதை எழுதின முட்டாளே திரும்ப வந்து படித்து, நம்பி, திறந்துவிட்டான்!

அவருக்குத் தன் மேல் வந்த எரிச்சல் சொல்லி மாளாது. வேறு யாராவது செய்திருந்தால் ஒரு வாரம் திட்டித் தீர்த்திருப்பார். தன்னை எப்படித் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை.

டக் டக். அறைச் சுவரில் இருந்த பேசும் பெட்டி கரகரத்தது. "முடிஞ்சுதா? சூப்பர். பையில போட்டு அனுப்புங்க. அங்க ஆல்கஹால் சூடாகி ரெடியா இருக்கு."

கிராம்காரர் அசையவில்லை.

சீட்டில் ஏழு பத்து. தாளில் சாட்சிக் கையெழுத்து. பொத்தானை அழுத்தி எண்ணை இப்போதே அச்சிட்டுவிட்டால் அதுவும் சரி. கேட்கிறவர் எவர் வந்து பார்த்தாலும் காகிதமெல்லாம் அவர் பக்கம். வாசல் கார்டில் எட்டு நாற்பது என்று இருந்தாலும், அதை எடுத்துச் சீட்டோடு ஒத்துப் பார்க்கப் போகிறவர் யார்? பின்னால் சோதனையில் தேறாவிட்டால், சரக்கு அனுப்பினவன் தலையில் போட்டுவிடுவார்கள். தேறிவிட்டால்? மயிரிழையில் தேறி, வெளியே போய்விட்டால்? எங்கோ ஒரு கட்டிலில் ஒருவர் கையை நீட்டிக்கொண்டு கிடப்பார். பை பாதி வழியில் ஒழுகும். ஆப்பு இருக்கும், கால் இருக்காது.

வாயைத் திறந்தால் மூன்றாவது புகார். தகரக் கூரை. விரி, வை, செருகு, மூடு.

எண் முப்பத்தொன்றுக்கு வந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் அவருக்குப் பொறுக்கவில்லை. பதினேழு வருஷமாகத் தராசு பொய் சொல்லாது என்று ஊரைத் திட்டினவர். இப்போதும் அது பொய் சொல்லவில்லை. கத்திக்கொண்டிருந்தது.

"அனுப்ப முடியாது," என்றார் பெட்டியில். "பாட்டில் குளிரோட திறந்துட்டேன். சரக்கு தண்ணி குடிச்சிருச்சு."

மேனேஜர் பாட்டிலை எட்டிப் பார்த்தார். "என்ன சொல்றீங்க? சீட்டுல ஏழு பத்துன்னு இருக்கு. எனக்கு இங்கேயிருந்தே தெரியுது. நீங்க வர்றதுக்கு முன்னாடி யாரோ எடுத்து வெச்சதுன்னு நெனச்சேன்."

"சீட்டு பொய்."

"யாரு எழுதினது?"

"நான்தான். வேற எவன் எழுதுவான்?"

மேனேஜர் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு குரலை இறக்கினார். நீலத் தொப்பிகள் பத்தடி தூரத்தில். "கிராம்காரரே, கொஞ்சம் நிதானமா யோசிங்க. இந்தப் பாட்டில் வர ஆறு வாரம் ஆச்சு. கையில வேற பாட்டில் இல்ல. எல்லாத் தாளும் சரியா இருக்கு. ஓட விடுங்க. கடைசியில டெஸ்ட்ல பாத்துக்கலாம்."

"கொலஸ்ட்ரால், பெக்கு, ஆல்கஹாலு, மருந்து எல்லாத்தையும் கொட்டிக் கலக்கி நாசம் பண்ணிட்டு அப்புறம் பாக்கறதா? இப்ப ஒரு பாட்டில் போச்சு. அப்ப எல்லாம் போகும்."

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"காலையிலேர்ந்து எல்லாரும் என் நல்லதுக்குத்தான் சொல்றீங்க!" கிராம்காரர் போட்ட சத்தத்தில் பேசும் பெட்டி கீச்சிட்டது. நீலத் தொப்பிகள் நின்று திரும்பிப் பார்த்தன.

சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தது கையெழுத்தம்மா. விஷயம் தெரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே, அந்தத் தாள்ல என் கையெழுத்தும் இருக்கேண்ணே."

"இப்பத்தான் உனக்குத் தெரியுதா?"

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் வந்து, ரெண்டு பேருமா ஏதாவது..."

"ரெண்டு பேருமா என்ன? ரெண்டு பேருமா சேந்து இன்னொரு ஏழு பத்து எழுதறதா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க வாய்க்குத்தான் உங்களுக்கு இந்த கதி," என்றாள்.

தரப்பிரிவுத் தலைவி வந்தாள். ஒல்லியான பெண்மணி. குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. நனைந்த டிஷ்யூவைக் கண்ணாடி வழியாகக் காட்டச் சொன்னாள். எண்ணைப் பார்த்தாள். நாற்பத்தாறு. எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், யார் பார்த்தார்கள், டிஷ்யூவால் ஏன் முதலில் துடைக்கவில்லை என்று மூன்றே கேள்வி கேட்டாள். முதல் இரண்டுக்கும் அவர் உள்ளதைச் சொன்னார். மூன்றாவதுக்கு மேனேஜர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என் புத்தி," என்றார்.

"நான் ரிப்போர்ட் எழுதணும்," என்றாள் அவள்.

"எழுதுங்கம்மா. நேரத்தை மட்டும் கடிகாரம் பாத்து எழுதுங்க."

அவள் சிரிக்கவில்லை. சிவப்பு லேபிளைப் பாட்டிலில் ஒட்டச் சொன்னாள். அவரே ஒட்டினார், கோணாமல்.

சாயங்காலமே கடிதம் வந்துவிட்டது. திங்கட்கிழமை முதல் அட்டைப்பெட்டி செக்‌ஷன். கையெழுத்தம்மாவுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். மேனேஜருக்கு ஒன்றுமில்லை. கண்ணாடியைத் தட்டினதற்கு எந்தத் தாளில் இடம் இருக்கிறது?

வீட்டில் சொன்னபோது மனைவி அவர் கையிலிருந்து கடிதத்தை வாங்கிப் படித்தாள். பிறகு, "நீங்க சொல்லாம இருந்திருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?" என்றாள்.

"எனக்கு."

"அதுதானே. உங்களுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரி. அந்த வாய மூட முடியுமா?"

மச்சினன் போனைக் கீழே வைத்தான். "மாமா, அப்ப அந்த மஞ்சக் கருவு தண்ணியில தானா உருண்டையாகுதா? நிஜமாவா?"

கிராம்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இத காலையில கேக்கறதுக்கு என்னடா? ஒரு பாட்டில் மிஞ்சியிருக்குமே!"

மறுநாள் தட்டில் முட்டை பாதி மஞ்சளோடு வந்தது. மீதிப் பாதி எங்கே என்று அவர் கேட்கவில்லை. எதிரே வாய் அசைந்துகொண்டிருந்தது.

அட்டைப்பெட்டி செக்‌ஷன் அவர் நினைத்ததைவிட மோசம். தகரம் சுட்டது. விளக்கத்தாளை எல்லாரும் தலைகீழாக மடித்தார்கள். பிரித்தால் முதலில் கண்ணில் படுவது அச்சகத்தின் முகவரி. நோயாளி வீட்டுக்காரர்கள் இதைப் படித்து என்ன செய்வார்கள்? இரண்டாவது நாளே சண்டை. மூன்றாவது நாள் அவர் பக்கத்து நாற்காலிகள் இரண்டும் நகர்ந்து உட்கார்ந்தன. பெட்டிகளை அடுக்கி வைத்துவிட்டு, அவற்றுக்குள் இருக்கும் குப்பிகளை ஒரு நிமிஷம் பார்ப்பார். உள்ளே கோடிக்கணக்கான பைகள், ஒவ்வொன்றிலும் அவர் எடை போட்ட கொலஸ்ட்ரால். பிறகு மூடுவார். அடுத்தது.

ஆறு வாரம் கழித்துப் புதுப் பாட்டில் வந்தது என்று காதில் விழுந்தது. எடை அறைக்குப் புது ஆள் போட்டிருந்தார்கள். படித்தவராம். கிராம்காரர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் மட்டும் சொல்லிவிடுவார்களா?

அன்று பதினோரு மணிக்குச் சுவரில் இருந்த போன் அடித்தது. சூப்பர்வைசர் எடுத்து, முகத்தைச் சுளித்து, "உங்களுக்குத்தான்," என்று நீட்டினார்.

"அண்ணே, நான்தான்." கையெழுத்தம்மாவின் குரல், குசுகுசுவென்று. பின்னால் டக் டக் டக் என்று கேட்டது. "சீட்டுல மூணு மணி நேரம் ஆயிடுச்சு. நான் டிஷ்யூவால தொடச்சுப் பாத்தேன். லேசா ஈரம். புது ஆள் பரவாயில்லன்னு சொல்றாரு. இவரு வேற தட்டிக்கிட்டே இருக்காரு. என்ன பண்ண?"

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"இல்லண்ணே. பேனாவ மூடி பையில வெச்சுட்டேன்."

கிராம்காரர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "லேசா ஈரம்னா என்ன? நாலா மடிச்சா உள் மடிப்புல ஈரம் தெரியுதா, தெரியலையா?"

"இருங்கண்ணே, மடிக்கறேன்." டக் டக் என்று கேட்டது. "தெரியுது."

"அப்ப இன்னும் ஒரு மணி நேரம். எவன் தட்டினாலும் தட்டட்டும். நீ கைய வெச்சே, நான் அங்க வந்து உன் கைய ஒடைச்சிருவேன்."

"நீங்க அட்டைப்பெட்டியில இருக்கீங்கண்ணே."

"அதனால என்ன? நடந்து வர மூணு நிமிஷம்."

அவள் சிரித்தது கேட்டது. பிறகு யாரிடமோ, சத்தமாக, "முடியாது சார், காத்துத்தான் ஆகணும்," என்று சொன்னதும் கேட்டது. போன் வைக்கப்பட்டது.

கிராம்காரர் திரும்பி வந்து உட்கார்ந்தார். பக்கத்துப் பெட்டியை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். விளக்கத்தாள் மறுபடியும் தலைகீழ்.

"யாருய்யா மடிச்சது இதை?" என்று கத்தினார்.